கடலுக்குள் ஒரு மடை

மன்னார்குடியிலிருந்து சித்தி வந்திருந்த ஜூன் மாதம் அது. ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஓபன் என்ற சிறிய துறைமுக ஊரில் இருக்கிறேன். வந்த மறுநாளே என் படகைப் பார்க்க வேண்டும் என்றார். அழைத்துப்போய்க் காட்டினேன். 18 அடி 9 அங்குல நீளம். மேல்தளம் கிடையாது, அறை கிடையாது. மழை பெய்தால் நனைய வேண்டியதுதான். சித்தி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார், ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குத் திரும்பி, இஞ்சி தட்டிப் போட்டுத் தேநீர் கொதிக்கவைத்து, ஆற்றி என் கையில் கொடுத்த பிறகுதான் வாய் திறந்தார்.

“இதுல நீ ஒத்தையா கடலுக்குப் போறியாமே. அலை எப்ப ஓயிறது, தலை எப்ப முழுகுறதுன்னு கேட்டதில்லையாடா நீ?”

“இங்க ஓயும் சித்தி. எத்தனை மணிக்கு ஓயும்னு அச்சடிச்ச அட்டவணையே இருக்கு” என்றேன்.

அவர் நம்பவில்லை. நம்பாதது நியாயம். வேதாரண்யத்திலும் நாகப்பட்டினத்திலும் கடலைப் பார்த்தவருக்கு, கடல் மணி பார்த்து நடக்கும் என்பது வேடிக்கையாகத்தான் இருக்கும். அன்று மூன்று தம்ளர் தேநீர் நீளத்துக்குப் பேசினோம். தீவுகளுக்கு நடுவே தனி ஆளாகப் பாய்மரப் படகில் போவது எப்படி என்று என்னிடம் கேட்கிறவர்களுக்கெல்லாம் இப்போது அந்தப் பேச்சையே திருப்பிச் சொல்கிறேன். சித்தி கேட்ட கேள்விகள்தான் சரியான கேள்விகள்.

முதலில் ஏற்றமும் வற்றமும். நம் கடற்கரையில் கடல் ஏறி இறங்குவதைக் குளிக்கப் போகிறவர்கள் கவனிப்பதே இல்லை. சென்னையில் அது ஏறக்குறைய ஒரு மீட்டர், அவ்வளவுதான். ஓபனில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மூன்று மீட்டருக்கு மேல் ஏறி இறங்குகிறது. ஓர் ஆள் உயரத்தைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு. காலையில் படகு மிதந்த இடத்தில் மத்தியானம் பிள்ளைகள் நண்டு பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஏற ஆறு மணி நேரமும் சில நிமிடங்களும், இறங்க அதே அளவு. சந்திரன் ஒரு சுற்று வந்து அதே இடத்தில் நிற்க 24 மணி 50 நிமிடம் ஆவதால், இன்று நடந்தது நாளை சராசரியாக 50 நிமிடம் தள்ளி நடக்கும். இதில் ஜோசியம் எதுவும் இல்லை. ஆண்டு முழுவதற்கும் முன்கூட்டியே கணக்கிட்டுச் சின்னப் புத்தகமாக விற்கிறார்கள்.

சித்தி ஊரிலிருந்து வரும்போதே தினசரி காலண்டரை எடுத்து வந்திருந்தார். ராகுகாலம் பார்க்காமல் அவருக்கு நாள் ஓடாது. அதைக் காட்டித்தான் அடுத்ததைச் சொன்னேன். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஒன்றிரண்டு நாள் கழித்து ஏற்றவற்றம் மிகப் பெரியது. நீரோட்டமும் மிக வேகம். சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதன் விளைவு அது. பாதிச் சந்திரன் தெரியும் அஷ்டமிக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து ஏற்றவற்றம் மிகச் சிறியது. ஓபனில் ஒரு மீட்டர் சொச்சம். ஊரில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்காமல் தள்ளிவைக்கும் அஷ்டமி நவமிதான் இங்கே சின்னப் படகுக்காரனுக்கு நல்ல நாள். சித்திக்கு இது கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனாலும் காலண்டரை மூடவில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. ஏறும் தண்ணீர் ஆறு மணி நேரமும் ஒரே சீராக ஏறாது. மொத்தத்தைப் பன்னிரண்டு பங்காக வைத்தால், முதல் மணியில் ஒரு பங்கு, இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதிலும் நான்காவதிலும் மும்மூன்று, பிறகு இரண்டு, கடைசியில் ஒன்று. அதாவது நடு இரண்டு மணி நேரத்தில் பாதித் தண்ணீர் நகர்ந்துவிடுகிறது. அந்த இரண்டு மணி நேரம் இடுக்கான இடத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் இந்தக் கரையில் நான் கற்ற முதல் பாடம்.

“இடுக்கான இடம்னா?”

ஓபனுக்குத் தெற்கே சுமார் 30 கிலோமீட்டரில் ஜூரா என்ற நீண்ட தீவு. அதன் வடமுனைக்கு எதிரே ஸ்கார்பா. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் அகலத்தில் ஒரு வாசல். அதன் பெயர் கோரிவ்ரெக்கன். வாசலுக்கு மேற்கே அட்லாண்டிக் சமுத்திரம். கிழக்கே ஜூராவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஒடுக்கமான கடல். தெற்கே ஐலா தீவின் அடிப்பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இல்லை. வடக்கே ஓபனில் மூன்று மீட்டருக்கு மேல். ஆக, இந்த நீண்ட தீவின் இரு பக்கமும் நீர்மட்டம் ஒரே நேரத்தில் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. அப்படியிருக்க, நடுவில் ஒரு வாசல் திறந்திருந்தால் என்ன ஆகும்?

நான் இரண்டு கிண்ணங்களை எடுத்து ஏதோ செய்து காட்ட முனைந்தேன். சித்தி என் கையைத் தட்டிவிட்டார்.

“கிண்ணம் எதுக்குடா? மேல் வயல்ல தண்ணி நிக்குது, கீழ் வயல்ல இல்ல, நடுவுல மடையை வெட்டி விட்டாச்சு. அதானே? மடை வாயில காலை வச்சா ஆளையே இழுக்கும்.”

அதுதான். இதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. கோரிவ்ரெக்கன் கடலுக்குள் இருக்கும் ஒரு மடை. பெருக்கு வரும்போது தண்ணீர் அதன் வழியே மேற்கு நோக்கி அட்லாண்டிக்குள் பாய்கிறது. உச்ச வேகம் மணிக்கு 8.5 கடல் மைல், அதாவது ஏறத்தாழ 16 கிலோமீட்டர். போதாததற்கு அடியில் ஒரு பாறைக் கூம்பு. பக்கத்தில் 200 மீட்டருக்கும் மேல் ஆழமான பள்ளம் இருக்க, இந்தக் கூம்பு மட்டும் நீர்மட்டத்துக்கு 29 மீட்டர் கீழே வரை எழுந்து நிற்கிறது. ஓடி வரும் தண்ணீர் அதில் மோதி மேலே எகிறி, சுழன்று, சுழியாகிறது. எதிரே மேற்குக் காற்று வலுத்து, சமுத்திரத்து அலையும் உள்ளே தள்ளினால் தண்ணீர் சுவராக எழும்பும். அந்த இரைச்சல் 16 கிலோமீட்டர் தொலைவுக்குக் கேட்கும் என்பார்கள்.

என் படகு நல்ல காற்றில் நான்கு கடல் மைல் வேகம் போகும். எட்டு மைல் வேகத்தில் எதிர்த்து வரும் தண்ணீரில் அது முன்னால் போவதாக நினைத்துக்கொண்டே பின்னால் போகும். ஆகவே இங்கே பாய்க்கு இரண்டாவது இடம்தான். முதல் இடம் நீரோட்டத்துக்கு. நம் தென்கரை மீனவர்கள் நீவாடு என்பார்களே, அதுதான் இங்கே வண்டி. காற்று ஒத்தாசை.

இந்த வாசலில் மாட்டியவர்களில் எல்லோருக்கும் தெரிந்த ஒருவர் ஜார்ஜ் ஆர்வெல். ‘1984’ நாவலை ஜூராவின் வடகோடியில் பார்ன்ஹில் என்ற தனிவீட்டில் இருந்துதான் எழுதினார். 1947 ஆகஸ்டில் தீவின் மேற்குப் பக்கத்திலிருந்து சின்ன மோட்டார் படகில் திரும்பிக்கொண்டிருந்தார். கூடவே மூன்று வயது மகன் ரிச்சர்ட், வாலிப வயதில் உறவுப் பிள்ளைகள். ஏற்றவற்ற நேரத்தைத் தவறாகக் கணித்துவிட்டார். சுழிக்குப் பக்கத்தில் எஞ்சின் கழன்று கடலில் விழுந்தது. துடுப்புப் போட்டு ஒரு சின்னப் பாறைத்தீவுக்கு வந்தார்கள். இறங்கும்போது படகு கவிழ்ந்தது. சில மணி நேரம் கழித்து அந்த வழியாக வந்த சிங்கி இறால் மீனவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். நாவல் வெளிவந்தது 1949இல். அந்தத் தப்புக் கணக்கு இன்னும் கொஞ்சம் கூடியிருந்தால் அந்தப் புத்தகமே இல்லை.

“அப்புறம் நீ எப்படிப் போறே?”

போவதில்லை சித்தி, காத்திருக்கிறேன் என்றேன். பெருக்கு முடிந்து வற்றம் தொடங்கும் முன், இரு பக்கமும் நீர்மட்டம் சமமாகும் ஒரு இடைவேளை வரும். அப்போது ஓட்டம் நின்றுவிடும். அஷ்டமி நவமி காலத்தில் அது நிதானமாக நிற்கும். பௌர்ணமிக்குப் பின் வந்த வேகத்தில் திரும்பிவிடும். காற்றும் அடங்கியிருந்தால், முந்தைய மூன்று மணி நேரம் உறுமிக்கொண்டிருந்த அதே இடம் கோயில் குளம்போல் கிடக்கும். ஒரு நாளில் பொதுவாக நான்கு முறை. ஜூராவின் வடமுனையில் ஒரு சிறு குடா இருக்கிறது. அங்கே நங்கூரம் போட்டு, பிளாஸ்க்கைத் திறந்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். தனியே படகோட்டுவது என்றால் ஓயாமல் கயிற்றோடு மல்லுக்கட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். என் பயண நேரத்தில் பெரும்பகுதி இப்படி உட்கார்ந்திருப்பதுதான்.

இரண்டாவது தம்ளரில் சித்தி கேட்டது வீட்டில் எல்லோரும் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டது. “விழுந்துட்டா?”

விழக் கூடாது. கோடையிலும் இந்தத் தண்ணீர் 12, 13 டிகிரிதான். குளிர்நீரில் விழுந்தவரின் நிலையை ஆராய்ந்தவர்கள் ஒரு கணக்குச் சொல்கிறார்கள்: முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது, அடுத்த பத்து நிமிடம்தான் கைவிரல் சொன்னபடி கேட்கும், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் நினைவு தப்பும். பத்து நிமிடத்துக்குள் ஈர உடையோடு படகின் விளிம்பில் ஏறுவது எளிதல்ல. தூக்கிவிடக் கூட யாரும் இல்லை. அதனால் மிதவைச் சட்டையைக் கரையிலேயே மாட்டிக்கொள்கிறேன். இடுப்பிலிருந்து படகுக்கு ஒரு வார் எப்போதும் இருக்கும். கையடக்க ரேடியோவும் செயற்கைக்கோளுக்கு அபாயக் குறி அனுப்பும் கருவியும் என் உடம்பில் இருக்கும், படகில் அல்ல. நான் ஒரு பக்கம், அவை ஒரு பக்கம் ஆகிவிட்டால் என்ன பயன்?

படகும் தனி ஆளுக்கு ஒத்துழைக்க வேண்டும். என்னுடையது டிராஸ்கோம் லக்கர் என்ற வகை. ஜான் வாட்கின்சன் என்பவர் 1960களில் வடிவமைத்தது. இதே வகைத் திறந்த படகில் வெப் சைல்ஸ் என்ற அமெரிக்கர் 1978இல் சான் டியாகோவிலிருந்து தன்னந்தனியாகப் புறப்பட்டு உலகத்தின் பெரும்பகுதியைச் சுற்றியிருக்கிறார். நான் அவ்வளவு தூரம் கனவுகூடக் காண்பதில்லை. எனக்கு இதில் பிடித்தது பின்பக்கம் இருக்கும் குட்டிப் பாய். அதன் தாமான் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு மற்ற பாய்களைத் தளர்த்தினால், படகு தானாகவே காற்றுக்கு முகம் காட்டி அடங்கி நிற்கும். சுக்கானை விட்டுவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். பாயைச் சுருக்கலாம், வரைபடம் பார்க்கலாம், தேநீர் ஊற்றலாம். கூட வரும் இன்னோர் ஆள் செய்யும் வேலையை அந்தக் குட்டிப் பாய் செய்கிறது. அடிப்பலகையைத் தூக்கிவிட்டால் ஒரு முழத்துக்கும் குறைவான தண்ணீரில் மிதக்கும். பெரிய படகுகள் எட்டிப் பார்க்க முடியாத மணல் குடாவுக்குள் நுழைந்துவிடலாம்.

பாயைச் சுருக்கலாமா என்ற எண்ணம் வந்த கணமே சுருக்கிவிட வேண்டும். இன்னும் பத்து நிமிடம் பார்ப்போம் என்று தள்ளினால், காற்று ஏறிய பிறகு அந்த வேலை இரண்டு மடங்கு கடினம். கடலோரக் காவல்படை மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை ரேடியோவில் வானிலை சொல்லும். ‘மல் ஆஃப் கின்டையர் முதல் அர்ட்னமர்கன் முனை வரை’ என்று என் பகுதி வரும்போது பென்சிலை எடுத்துவிடுவேன். காற்று ஓட்டத்துக்கு எதிராக அடிக்குமா, கூடவா என்பதுதான் முக்கியம். கூட வந்தால் மிதமான காற்றில் கடல் தழைந்து கிடக்கும். எதிர்த்தால் அதே காற்றில் அலை குட்டையாக, செங்குத்தாக நிமிரும். எதிர்க்கும் என்று தெரிந்தால் அன்று கரையில்தான். அதில் எனக்கு மனக்குறை இல்லை.

ராத்திரி நங்கூரம் போடுவதிலும் அட்டவணைதான். வற்றத்தில் இரண்டு மீட்டர் இருந்த ஆழம் ஏற்றத்தில் ஐந்தாகிவிடும். கயிறு ஐந்துக்குத் தகுந்தபடி நான்கைந்து மடங்கு விட வேண்டும். இல்லையென்றால் தீவில் கூடாரம் அடிக்கலாம். 2003இல் ஸ்காட்லாந்து கொண்டுவந்த நிலச் சட்டம், பொறுப்போடு நடந்துகொள்கிற எவருக்கும் திறந்த நிலத்தில் நடக்கவும் தங்கவும் உரிமை தருகிறது. நான் மிகவும் மதிக்கும் சட்டங்களில் அது ஒன்று.

மூன்றாவது தம்ளருக்குத்தான் சித்தி நான் காத்திருந்த கேள்விக்கு வந்தார். “சரி, அங்க என்னதான் இருக்கு பார்க்க?”

“மடை வாயில எது நிக்கும் சித்தி?”

ஒரு நொடிகூட ஆகவில்லை. “கொக்கு. கெண்டை அங்கதானே துள்ளும்.”

இதைத்தான் நான் எத்தனையோ பருவம் கடலில் அலைந்து மெல்ல மெல்லப் புரிந்துகொண்டேன். முதலில் நீரோட்டம் வேறு, உயிர்கள் வேறு என்று நினைத்திருந்தேன். ஒன்று தவிர்க்க வேண்டியது, மற்றது தேடிப் பார்க்க வேண்டியது. ஆனால் இரண்டும் ஒன்றுதான். ஆழத்தில் கிடக்கும் சத்தை அந்தப் பாறைகளும் இடுக்குகளும் கிளறி மேலே வெளிச்சத்துக்குக் கொண்டுவருகின்றன. வெளிச்சத்தில் நுண்ணுயிர் பெருகுகிறது. அதைத் தின்னச் சின்ன மீன். சின்ன மீனுக்குப் பெரிய மீன், பறவை, கடல்நாய், ஓங்கில். வரைபடத்தில் எனக்கு அபாயம் என்று சுழிக்குறி போட்ட இடங்களெல்லாம் அவற்றுக்குப் பந்தி போட்ட இடங்கள்.

குடாவில் காத்திருக்கும்போது முதலில் வருவது பெரும்பாலும் சத்தம்தான். முதுகு கறுத்த சிறு ஓங்கில், ஒன்றரை மீட்டர் நீளம், மேலே வந்து ‘புஸ்’ என்று மூச்சுவிட்டுப் போகும். எஞ்சின் ஓடினால் அது காதில் விழாது. தனியாக, பாயில் போவதன் முழு லாபமும் எனக்கு அந்த மூச்சுச் சத்தம்தான். பக்கத்தில் ஒருவர் இருந்தால் அந்த நேரம் ஏதாவது பேசிக்கொண்டிருப்பேன். பிறகு கேனட் பறவைகள். இரண்டு மீட்டர் அகலச் சிறகை மடித்துக்கொண்டு அம்புபோல் செங்குத்தாக விழும்.

ஒருமுறை வெயில் நாளில் ஸ்கார்பாவுக்கு மேற்கே கறுப்பாக ஒரு முக்கோணம் தண்ணீரைக் கிழித்து வந்தது. அதற்குப் பின்னால், பல அடி தள்ளி, இன்னொன்று. இரண்டு சுறாக்கள் என்று நினைத்தேன். ஒரே மீனின் முதுகுத் துடுப்பும் வாலும்! பாஸ்கிங் சுறா. பத்து மீட்டர் வரை வளரும், அதாவது என் படகைவிட நீளம். ஆனால் அது தின்பது மிகச் சிறிய மிதவை உயிர்களை மட்டுமே. வாயைக் குகைபோல் திறந்துகொண்டு மெதுவாக நீந்தி, கடலை வடிகட்டிக்கொண்டே போகும். ஈரல் எண்ணெய்க்காக அதை ஈட்டி எறிந்து கொன்ற காலம் இங்கே இருந்தது. பிரிட்டன் கடலில் அதற்குச் சட்டப் பாதுகாப்பு 1998இல்தான் வந்தது. நான் பாயைத் தளர்த்தி, குட்டிப் பாயைக் கட்டி நின்றேன். அது என்னைக் கடந்து போக எடுத்துக்கொண்ட நேரத்தில் நான் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

வெண்வால் கழுகுகளைப் பற்றிச் சித்தி இரண்டு முறை கேட்டார். பிரிட்டனில் கடைசியாக இருந்ததை 1918இல் ஷெட்லாந்தில் சுட்டுவிட்டார்கள். 1975இல் நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து வடக்கே ரம் தீவில் விடத் தொடங்கினார்கள். பத்தாண்டில் 82 பறவைகள். 1985இல் மல் தீவில் ஒரு குஞ்சு கூட்டைவிட்டுப் பறந்தது. ஏறத்தாழ எழுபது ஆண்டுக்குப் பின் முதல் குஞ்சு. இன்று இந்த வாசல்களுக்கு மேலே அவை வட்டமிடுகின்றன. எதற்கு வருகின்றன என்பதும் மடைக் கணக்குதான். நீரோட்டம் ஆழத்து மீனைச் சட்டென்று மேலே தள்ளும்போது, அதன் உடம்புக்குள் இருக்கும் காற்றுப்பை அழுத்தம் குறைந்து உப்பிவிடுகிறது. மீண்டும் கீழே போக முடியாமல் மீன் மிதக்கிறது. கழுகு இறங்கி அள்ளிக்கொண்டு போகிறது.

“அதுங்களுக்கும் அட்டவணை தெரியும்போல” என்றார் சித்தி.

ஒரு தவறையும் சொன்னேன். முதல் வருடம், இதே ஜூனில், ஒரு தாழ்ந்த பாறைத்தீவைச் சுற்றிக்கொண்டு மிக நெருங்கி வந்துவிட்டேன். அந்தப் பக்கம் முப்பது நாற்பது கடல்நாய்கள் வெயில் காய்ந்துகொண்டிருந்தன. என் பாய் திடீரென்று தலைக்கு மேல் எழுந்ததும் மொத்தமும் உருண்டு புரண்டு தண்ணீரில் விழுந்தன. ஜூன் அவை குட்டி போடும் காலம். பாறையில் ஒரு குட்டி மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. தாய் திரும்பி வந்ததா என்று பார்க்கத் தொலைவில் போய் ஒரு மணி நேரம் நின்றேன். வந்தது. ஆனாலும் அந்தக் குரல் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கடல்நாய்கள் கூடும் குறிப்பிட்ட இடங்களில் அவற்றைத் தொல்லை செய்வது இங்கே 2010 சட்டப்படி குற்றம்; எனக்கு அந்தச் சட்டத்தைவிட அந்தக் குட்டிதான் தூரத்தைக் கற்றுக்கொடுத்தது. சத்தமில்லாத படகு யாரையும் தொந்தரவு செய்யாது என்று நினைப்பது தவறு. சத்தம் வந்தால் அவை முன்பே உஷாராகியிருக்கும்.

சித்தி வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. சன்னலுக்கு வெளியே மணி ஒன்பதாகியும் வெயில் இருந்தது. ஜூனில் இங்கே பகல் பதினேழு மணி நேரத்துக்கு மேல். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏற்றவற்றப் புத்தகத்தை இடது பக்கமும் தினசரி காலண்டரை வலது பக்கமும் வைத்தார். ஓட்டம் ஓயும் நேரத்தை ஓரத்தில் நான் பென்சிலால் குறித்து வைத்திருந்தேன். விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார்.

“இன்னிக்கு நவமி. காலைல பத்தே காலுன்னு எழுதியிருக்கே. அப்ப நாளைக்கு...” விரல் நின்றது. “பதினொண்ணு அஞ்சு. சரியா?”

சரி என்றேன்.

“நீ எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

விடிவதற்கு முன்பே என்றேன். எழுந்துபோய் பிளாஸ்க்கைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.